இந்த ஏரி எந்த ஊர் ஏரி?

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் வெள்ளிக்கிழமை மாலை ஆனதும் ஒரு கேள்வி எழுவது வழக்கமாகிவிட்டது. "இந்த வாரம் எங்காவது வெளியே போய் வரலாமா?" என்பதே அது. 'எங்காவது' என்னும் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். வண்டிகளின் இரைச்சல் கேளாத இடம். புகை மூக்கில் ஏறாத இடம். நாலு மரமும் ஒரு நீர்நிலையும் சில பறவைகளும் உள்ள இடம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஒரு கோடியே 67 இலட்சம் மக்களைத் தாங்கிய நகரம் தில்லி. கார்த்திகை மாதத்தில் எதிர்வீட்டு மாடியே புகைமூட்டத்தில் மறைந்துபோகும் ஊரில் இருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பவரை எவரும் குறைகூற இயலாது.

ஆயினும், அந்த எளிய கேள்விக்குள்ளே வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அமைதியைத் தேடிச் செல்வது அறமா? நாம் இரண்டு நாள் அனுபவித்துத் திரும்பும் அந்த அமைதி யாருடையது? அதனை யார் காத்தார்கள்? அதற்காக யார் எதனை இழந்தார்கள்? பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வந்த இடத்தில் அறத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஓய்வை நாடுவது குற்றமன்று. கடமையினின்று தப்பி ஓடும் செயலே அது என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று முழுவதும் சரியன்று. வள்ளுவப் பெருந்தகை இல்லறத்தை முன்னே வைத்துத் துறவறத்தைப் பின்னே வைத்தார். ஒதுங்கி நின்று உள்ளத்தைப் பார்க்கும் வாழ்க்கையை அவர் விலக்கிவிடவில்லை. ஆறு நாள் அலுவலகத்திலும் ஒன்றரை மணி நேரம் மெட்ரோ வண்டியிலும் நசுங்கிய மனிதன் ஏழாம் நாள் ஓர் ஏரிக்கரையில் உட்கார விரும்புவது உடலின் நியாயமான வேண்டுகோள். அந்த வேண்டுகோளை மறுத்தால் எரிச்சலாகவும் கடுஞ்சொல்லாகவும் அது வீட்டாரிடமே வந்து விழும். ஆகவே, போகலாமா என்பதில் வழக்கில்லை. எவ்வாறு போகிறோம், எத்தகைய கண்ணோடு பார்க்கிறோம் என்பதில்தான் வழக்கு.

இதனை எங்களுக்கு உணர்த்தியவர் ஏட்டறிவு மிக்க அறிஞர் ஒருவர் அல்லர், எங்கள் தந்தையார்.

அன்னை மறைந்தபின் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். மூன்றாம் மாடி வீடு. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. தெரிந்த மொழி தெருவில் இல்லை. பால்கனியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, குளிர்காலத்து வெயில் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் நாற்காலியையும் நகர்த்திக்கொண்டு பொழுதைக் கழித்தார். ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது, அவருக்குப் பச்சையும் நீரும் காட்டினால் மனம் ஆறும் என்று கணக்கிட்டு, ஒரு தைமாத ஞாயிற்றுக்கிழமை சுல்தான்பூருக்கு அழைத்துச் சென்றோம்.

சுல்தான்பூர் ஹரியானா மாநிலத்தில், தில்லியிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள சிறிய ஏரி. 1970களின் தொடக்கத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர்த் தேசியப் பூங்கா ஆயிற்று. 2021இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பனிக்காலத்தில் இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளை அங்கே காணலாம். அதே இனப் பறவைகள் இன்னும் தெற்கே பறந்து நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரையும் செல்கின்றன. இந்தச் செய்தியைச் சொன்னால் தந்தையார் மகிழ்வார் என்று எண்ணிச் சொன்னோம். அவர் தலையசைத்தார். ஏரியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, இந்த ஏரி எந்த ஊர் ஏரி?"

பலகையில் இருந்த பெயரைப் படித்துச் சொன்னோம். "அது சரி. ஊர்க்காரங்க யாரையும் காணோமே?" என்றார்.

எங்களிடம் விடை இல்லை. நாங்கள் பறவைகளைப் பார்க்க வந்தவர்கள். ஊரைப் பார்க்க வரவில்லை. உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டோம்; படம் எடுத்தோம்; போக்குவரத்து நெரிசலுக்கு முன் வீடு சேர வேண்டும் என்று நான்கு மணிக்கே கிளம்பிவிட்டோம். வழியில் அவர் சொன்னார்: "நம்ம ஊர்ல அமைதின்னு தனியா நாங்க எங்கேயும் தேடிப் போனதில்லைப்பா. வருஷா வருஷம் குளத்தைத் தூர் வாருவோம். அது பாட்டுக்கு இருந்தது."

அந்தச் சொற்களின் ஆழம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. பின்னர்ப் பல நாள் எண்ணிப் பார்த்தபோதுதான், பழந்தமிழர் திணை வகுத்த முறையையே அவர் தம் நடையில் சொல்லியிருக்கிறார் என்பது புலப்பட்டது. தொல்காப்பியர் நிலங்களுக்குரிய கருப்பொருளை எண்ணும்போது மரத்தையும் பறவையையும் விலங்கையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அந்நிலத்து மக்களின் உணவையும் தொழிலையும் அவர்கள் முழக்கும் பறையையும் அதே வரிசையில் வைக்கிறார். ஆளில்லாத இயற்கை என்ற ஒன்று நம் இலக்கணத்தில் இல்லை. ஓசையற்ற நிலமும் இல்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கே உரிய முழக்கம் உண்டு. நிலத்தை ஓவியமாக்கி, மனிதனை அதிலிருந்து அழித்துவிட்டு, எஞ்சியதற்கு 'அமைதி' என்று பெயரிடும் பார்வை எங்கிருந்தோ நமக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த பார்வை.

அப்பார்வை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குத் தில்லியின் அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தமிழ்நாடு விரைவுவண்டி தெற்கு நோக்கிச் செல்லும் தடத்தில் மதுராவரை சென்று, அங்கிருந்து பிரிந்து போனால் பரத்பூர். அங்கே உள்ள கேவலாதேவ் பறவைகள் பூங்காவை நம்மில் பலர் கண்டிருப்போம். ஏறக்குறைய 29 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஈரநிலம் தானே தோன்றியதன்று. பரத்பூர் அரசர்கள் அணையிட்டு நீரைத் திருப்பியதால் உண்டானது. பின்னர் அது அவர்களது வேட்டைக் களமாயிற்று. 1938 நவம்பர் 12 அன்று, அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு விருந்தினராக வந்த வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன என்ற கணக்கைப் பூங்காவின் உள்ளே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அக்காலத்து மேன்மக்கள் அதனையும் ஓய்வு என்றே கருதினர்.

1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்காவாயிற்று. துப்பாக்கிகள் முன்பே ஓய்ந்திருந்தன. இப்போது தடை விதிக்கப்பட்டது சுற்றியிருந்த கிராமங்களின் எருமைகளுக்கு. தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலத்தில் மேய்ச்சல் கூடாது என்றனர். 1982இல் கிராம மக்கள் எதிர்த்தனர். காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். பறவைகளின் அமைதிக்காக மனிதரின் உயிர் போயிற்று.

அதன்பின் நடந்ததுதான் நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பத்தாண்டு அளவில் நடத்திய ஆய்வு, எருமைகள் வெளியேற்றப்பட்டபின் புல்லும் களையும் அளவின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடின என்றும், அதனால் நீர்ப்பறவைகளுக்கே கேடு விளைந்தது என்றும் கண்டது. எந்தப் பகை என்று எண்ணி விலக்கினார்களோ அதுவே துணையாக இருந்திருக்கிறது. எருமை மேய்ந்ததால் நீர் திறந்திருந்தது; நீர் திறந்திருந்ததால் பறவை இறங்கியது. கிராமத்தானுடைய தொழில் அந்த நிலத்தின் கருப்பொருள்களில் ஒன்றாக இருந்ததை, நிலத்தை ஓவியமாகப் பார்த்த கண் காணத் தவறியது. பிற்காலத்தில் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துச் செல்ல வழி செய்யப்பட்டது. இன்று அப்பூங்காவில் மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டும் உள்ளூர் மக்களே பறவைகளை இனங்கண்டு பெயர் சொல்லும் வழிகாட்டிகளாகவும் இருக்கின்றனர். காலந்தாழ்ந்து வந்த அறிவு, ஆயினும் அறிவே.

இதற்கு மறுதலையாக நம் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலை நினைத்துப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வூர் மக்கள், தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுவது கண்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். அவர்கள் கவிஞர்களாக இருந்து அதைச் செய்யவில்லை. உழவர்களாக இருந்து செய்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பயன் கருதிச் செய்த செயல் எப்படி அறமாகும் என்று கேட்கலாம். பயனும் அன்பும் அங்கே ஒன்றையொன்று வெட்டவில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பகுதியில் பறவைகள் அஞ்சிப் போய்விடும் என்பதற்காகவே தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கிராமங்கள் உள்ளன. அங்குள்ள குழந்தைகள் ஆண்டுதோறும் விட்டுக்கொடுக்கும் ஒரு மகிழ்ச்சியின் மீதுதான் அந்தப் பறவைகளின் உறக்கம் நிற்கிறது.

இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் தந்தையாரின் கேள்வி வெறும் கிராமத்துப் பேச்சன்று என்பது விளங்கும். ஏரி எந்த ஊருடையது என்று கேட்பது, அதன் அமைதிக்கு யார் உழைத்தார்கள் என்று கேட்பதாகும். நம் முன்னே விரியும் ஒவ்வோர் அமைதிக்கும் பின்னே யாரோ ஒருவர் தூர் வாரியிருக்கிறார். யாரோ ஒருவர் தம் மாட்டை வேறு பக்கம் ஓட்டிச் சென்றிருக்கிறார். யாரோ ஒருவர் பட்டாசைக் கொளுத்தாமல் வைத்திருக்கிறார். சுல்தான்பூர் ஏரிக்குக்கூட யமுனை நீரைக் கால்வாய் வழியே கொண்டுவந்து விட வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் உண்மையைத் தயக்கமின்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அது நம்மவரைப் பற்றியது. தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் 'மதராசி கேம்ப்' என்ற குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. நம் தமிழ் மக்கள். பெரும்பாலும் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் சென்று பிழைத்தவர்கள். வடிகாலைத் தூய்மைப்படுத்தி வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்ற காரணத்தால், நீதிமன்ற ஆணைப்படி, 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 வீட்டாரில் பாதியளவினர் நகரின் வடகோடியான நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையோர் எனப்பட்டனர். மற்றவர்க்கு அதுவும் இல்லை. வடிகால் தூய்மையாக வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. யமுனையில் சேரும் கழிவு குறைய வேண்டும் என்று வேண்டாத தில்லிவாசி இல்லை. ஆனால் அந்தத் தூய்மையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. நாளை அக்கரையில் மரம் வைத்து நடைபாதை போட்டால், நாமும் மாலையில் அங்கே உலவச் செல்வோம். அப்போது, "இங்கே இருந்த ஊர்க்காரர் யாரையும் காணோமே" என்று கேட்க ஒருவராவது வேண்டும்.

பிறர் கொடுத்த விலையைப் பற்றிப் பேசினோம். நாம் கொடுக்க வேண்டியது என்ன என்று பார்ப்போம். தில்லியின் தென்கோடியில், ஆரவல்லிக் குன்றுகள் முடியும் இடத்தில், அசோலா-பட்டி வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. 1986இலும் 1991இலுமாகச் சேர்க்கப்பட்ட பகுதிகள். மொத்தம் 32 சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே நீலநீர் நிறைந்த ஆழமான பள்ளங்களைக் கண்டு வியக்கிறோம். அவை கல்லும் மணலும் தோண்டிய பள்ளங்கள். 'பதர்ப்பூர் மணல்' என்று தில்லிக் கொத்தனார்கள் சொல்லும் பொருள் அங்கிருந்துதான் வந்தது. நகரம் வளர்ந்த ஆண்டுகளில் எழுந்த குடியிருப்புகளின் சுவர்ப்பூச்சில், நாம் வாழும் வீடுகளின் சுவர்களிலும்கூட, அந்தக் குன்றின் ஒரு பங்கு இருக்கக்கூடும். குன்றைத் தோண்டி வீடு கட்டிக்கொண்டு, வீட்டில் அமைதியில்லை என்று குன்றைத் தேடிப் போகிறோம். ஆகவே இங்கே நாம் விருந்தினர் மட்டுமல்லர், கடன்பட்டவர்களும் ஆவோம்.

அதே குன்றுத்தொடரில் எங்கும் நிறைந்து நிற்கும் ஒரு மரத்தைக் கண்டு நம் இராமநாதபுரத்து நண்பர் ஒருவர் திடுக்கிட்டார். இங்கே 'விலாயதி கீக்கர்' என்கிறார்கள். நம் ஊரில் சீமைக் கருவேலம். இரண்டும் ஒரே மரம். ஆங்கிலேயர் காலத்தில் தில்லிக் குன்றுகளைப் பசுமையாக்கக் கொண்டுவந்து நட்டார்கள். பசுமை வந்தது, ஆனால் அதன் கீழே வேறு மரம் எளிதில் தழைக்கவில்லை. அம்மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சிந்தனை எழுவதுண்டு. அதுவும் வெளியூரிலிருந்து வந்தது. நாமும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். வந்தது பிழையன்று. பொருள் தேடிப் பிரிந்து செல்வதைப் பாலைத்திணையின் ஒழுக்கமாகவே வைத்துப் பாடிய மரபினர் நாம். ஆனால் வந்த இடத்தில் நம் நிழலில் வேறெதுவும் வளர்கிறதா என்பதே வந்தவரிடம் கேட்கத்தக்க கேள்வி. ஒரு மலைச்சிற்றூருக்கு நாம் ஓய்வுக்காகச் செல்லும்போதும் இதே கேள்விதான். முசூரிக்கும் நைனிடாலுக்கும் செல்லும் சாலைகளில் கோடைக்காலத்துச் சனிக்கிழமைகளில் வண்டிகள் மணிக்கணக்காக நிற்கின்றன. இரைச்சலுக்கு அஞ்சி ஓடியவர்கள் இரைச்சலைக் கையோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறோம். மலையூர்ப் பெண் நடந்து சென்று நிரப்பும் ஊற்றுநீர், நாம் தங்கும் விடுதியின் குழாயில் தடையின்றிக் கொட்டுகிறது.

போகாமல் இருப்பதும் சில வேளை அன்பின் ஒரு வடிவம் என்பதற்கு மாங்கர் பனி சான்று. ஃபரீதாபாத் மாவட்டத்தில், குருகிராமத்துக்குச் செல்லும் வழியில், தௌ மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு அது. குதரியா பாபா என்னும் துறவியின் இடமாக அதனைச் சுற்றுக் கிராமத்தார் போற்றுகின்றனர். அங்கே ஒரு கிளையை ஒடித்தாலும் தீங்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் கோயில் காடுகளை அறிந்தவர்க்கு இது புதிதன்று. சுற்றிலும் சுரங்கமும் கட்டடமும் நெருக்கி வந்தபோதும் அந்தக் காடு நின்றது. 2016இல் ஹரியானா அரசும் அங்கே கட்டடம் எழுப்பலாகாது என அறிவித்தது. சட்டம் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே, தன்னால் வெட்ட முடிந்த மரத்தை வெட்டாமல் விட்ட கை ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அதனை மூடநம்பிக்கை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நம்பிக்கையேதும் இல்லாத நம் அறிவு எத்தனை காடுகளைக் காத்தது என்று கேட்டால் நாம் தலைகுனிய நேரிடும்.

அப்படியானால் நாம் என்னதான் செய்வது? வீட்டிலேயே அடைந்து கிடப்பதா? அன்று. மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன் என்று படித்திருக்கிறோம். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்பவர் உண்டு. தில்லிப் பூங்காக்களில் மார்கழிக் குளிரில் மயில்கள் சுவர்மேல் ஒடுங்கி நிற்கும்போது நமக்கு அச்செய்தி நினைவுக்கு வரும். போர்வை மயிலுக்குப் பயன்பட்டதோ இல்லையோ, ஓர் உயிரைக் கண்டதும் 'இதனிடமிருந்து என்ன பெறலாம்' என்று எண்ணாமல் 'இதற்கு என்ன வேண்டும்' என்று எண்ணிய மனம் அங்கே இருந்தது. ஓய்வுக்குச் செல்லும் நாமும் அந்த மனத்தில் ஒரு சிறு பங்கையேனும் கொண்டு செல்லலாம். போகும் இடத்து ஊரின் பெயரைக் கேட்டறிவோம். அங்குள்ள கடையில் தேநீர் குடிப்போம். அங்குள்ளவர் வழிகாட்டினால் அவர் உழைப்புக்கு உரியதைப் பேரம் பேசாமல் கொடுப்போம். நாம் கொண்டுபோன குப்பையை நாமே கொண்டு திரும்புவோம். பாட்டுப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வோம். ஒரே இடத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. தந்தையாரைச் சுல்தான்பூருக்கு அழைத்துச் சென்ற அன்று, போக வர மூன்று மணி நேரம் வண்டியில் இருந்தோம். அவரோடு பேசியது பத்து நிமிடம் இராது. அவருக்கு நீரும் பறவையும் வேண்டியிருந்தன என்று முடிவு செய்தவர்கள் நாங்கள். அவருக்கு வேண்டியிருந்தது பால்கனியில் இன்னொரு நாற்காலி. இதனை உணர்ந்தபோது அவர் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தார். அதற்கடுத்த ஆண்டு காலமானார். அமைதியைத் தேடிப் பல கிலோமீட்டர் சென்ற நாங்கள், வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் மௌனத்தைக் கேளாமல் இருந்துவிட்டோம். இயற்கையை நாடும் ஆவல் சில வேளைகளில், அருகிலிருப்பவரை நாடாதிருக்க நாம் கண்டுபிடிக்கும் நாகரிகமான வழியாகவும் அமைந்துவிடுகிறது. அதனை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுச் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

இப்போதும் தைமாதத்தில் நாங்கள் அந்த ஏரிக்குச் செல்கிறோம். சுல்தான்பூர்க் கிராமத்தில் சற்று நின்று, ஒரு தேநீர் குடித்து, கடைக்காரரிடம் இவ்வாண்டு நீர் எப்படி, பறவை எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். நம் குடும்பங்கள் பல சேர்ந்து இவ்வாறு குளிர்காலத்தில் பேருந்து அமர்த்திச் செல்வதுண்டு. அந்தப் பேருந்தில் பத்து இருக்கையை ஒதுக்கி வைப்போம் என்பதே இக்கட்டுரையின் வாயிலாக நாம் வைக்கும் வேண்டுகோள். நரேலாவிலிருந்து வரும் நம் குழந்தைகளுக்கு ஐந்து. வீட்டில் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்கும் நம் முதியவர்களுக்கு ஐந்து. அவர்கள் ஏரியைக் கண்டதும் ஏதேனும் கேட்பார்கள். அவர்கள் கேட்டு முடிக்கும்வரை படம் எடுக்காமல் பக்கத்தில் நிற்போம்.